ஒரு தொப்பிக்கு வாங்கிய புத்தகம்

புத்தளம் நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் வீதி, எலுவன்குளத்தைத் தாண்டியதும் வில்பத்துக் காட்டுக்குள் நுழைகிறது. மேற்கே கலா ஓயா கடலைச் சேருகின்ற முகத்துவாரம். வடக்கே காடு. பொம்பரிப்பு, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை என்று அந்தப் பழைய கரையோர வழி காட்டை ஊடறுத்துச் சென்று சேருமிடம் மன்னார் மாவட்டத்தின் அரிப்பு. அங்கே கடலை நோக்கியவாறு ஒரு சிறிய கோட்டையின் சிதைவுகள் இன்றும் நிற்கின்றன. போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் வசமான கோட்டை அது.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இந்தக் கரையோரத்தைப் பற்றி எழுத நேர்ந்தபோதெல்லாம் உப்பளம், இறால் பண்ணை, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே அடைக்கலம் புகுந்த முஸ்லிம் மக்கள் என்றே எழுதியிருக்கிறேன். இன்று எழுத நினைப்பது புத்தகத்தைப் பற்றி. இந்தக் கரையோரத்துக்கும் புத்தகத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். உலக இலக்கியத்தில் தடம் பதித்த ஒரு மனிதன், பத்தொன்பது ஆண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் காட்டைக் கடந்து வந்து, அரிப்புக் கோட்டையின் வாசலில்தான் விடுதலை பெற்றான். 1679 ஒக்டோபர் 18 அன்று நடந்தது அது. அந்தச் சிறைவாழ்வில் அவனைத் தாங்கியது ஒரு புத்தகம்.

'உங்கள் வாழ்க்கையை மாற்றிய புத்தகம் எது?' என்பது நேர்காணல்களில் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நானும் பலரிடம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் புத்தகத்தின் பெயரோடு முடிந்துவிடும். இப்போது நினைத்துப் பார்க்கையில், அதனோடு சேர்த்து இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்பது தகும் என்று தோன்றுகிறது. அந்தப் புத்தகம் யார் கையால் உங்களிடம் வந்து சேர்ந்தது? அது உங்களிடம் எதை மாற்றாமல் விட்டுவிட்டது? றொபேட் நொக்ஸின் வரலாறு இந்த இரண்டு கேள்விகளையும் நம் முன்னே வைக்கிறது.

நொக்ஸ் 1641இல் இலண்டனில் பிறந்தவர். தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். அவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் 'ஆன்' என்ற கப்பலின் தலைவராக இருந்தார். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துத் துறையில் புயலில் சிக்கி அக்கப்பல் பாய்மரத்தை இழந்தது. அதைச் செப்பனிடுவதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். அக்காலத்தில் கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். ஒல்லாந்தரின் துணைகொண்டு போர்த்துக்கேயரை விரட்டிவிட்டு, பின்னர் அந்த ஒல்லாந்தரிடமே ஏமாந்துபோன மன்னன் அவன். கரையில் இறங்கும் ஐரோப்பியர் எவரையும் அவன் நம்பவில்லை. 1660 ஏப்ரலில் கப்பல் தலைவரும் மகனும் உட்படப் பதினாறு பேர் பிடிபட்டார்கள்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். பிடிபட்ட பின் இளைய நொக்ஸை ஒரு தூதோடு கப்பலுக்குப் போய்வரும்படி அனுப்பினார்கள். கப்பலில் ஏறியவன் அப்படியே தப்பியிருக்கலாம். திரும்பி வருவதாகத் தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக அவன் கரைக்குத் திரும்பிச் சிறைப்பட்டான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது.

சிறை என்றதும் கற்சுவரும் இரும்புக் கம்பியும் என்று எண்ணிவிடக் கூடாது. மன்னன் கைதிகளைப் பிரித்து ஊர் ஊராக வைத்தான். ஊரவர் உணவு கொடுக்க வேண்டும். ஊரைவிட்டுப் போகக் கூடாது என்பதே கைதிகளுக்கு விதிக்கப்பட்ட சிறை. தந்தைக்கும் மகனுக்கும் ஒதுக்கப்பட்ட ஊர் பண்டார கொஸ்வத்தை, இன்றைய குருணாகல் மாவட்டத்தில் உள்ளது. அந்த ஊரில் இருவரையும் முறைக்காய்ச்சல் பிடித்தது. 1661 பெப்ரவரி 9ஆம் திகதி தந்தை இறந்தார். தானும் நோயால் தளர்ந்திருந்த நிலையில் மகன் அவரை அடக்கம் செய்தான்.

இளைஞனிடம் இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன. ஒன்று லூயிஸ் பேய்லி எழுதிய பக்திநெறி நூல். மற்றது ரிச்சர்ட் ரோஜர்ஸ் என்பவர் எழுதிய ஏழு கட்டுரைகளின் தொகுதி. இரண்டும் அக்கால இங்கிலாந்தில் சமயப்பற்றுள்ள வீடுகளில் சாதாரணமாகக் காணப்பட்டவை. அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து ஏறத்தாழ மனப்பாடமே செய்துவிட்டதாக நொக்ஸ் பின்னாளில் எழுதினார்.

பேய்லியின் நூலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஓர் ஏழைப் பாத்திரக் கம்மியன் மணம் முடித்தபோது, மனைவி சீதனமாகக் கொண்டுவந்தவை இரண்டு புத்தகங்கள்தாம். அவற்றில் ஒன்று இந்த நூல். அந்தக் கம்மியன்தான் ஜோன் பன்யன். அவர் 1678இல் வெளியிட்ட யாத்திரிகக் கதையைத் தழுவியே நெல்லைச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற தமிழ்க் காப்பியத்தைப் பாடி 1894இல் வெளியிட்டார். ஒரு புத்தகத்தின் பயணத்தை யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்?

இனி நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். நொக்ஸோடு ஒரு சிறுவன் இருந்தான். போர்ட்டோ நோவோ என்று ஐரோப்பியர் அழைத்த நமது பரங்கிப்பேட்டையிலிருந்து, தமது பணிக்கென்று தந்தை கூட்டிவந்த கருநிறச் சிறுவன். தன் எசமானர் தன்னைப் போன்ற நிறமுடைய மக்களிடமே கைதியாகிவிட்டதைக் கண்ட பிறகு, அவன் சொன்னதையெல்லாம் செய்யவில்லை. தன் மனத்துக்குப் பட்டதை மட்டுமே செய்தான் என்று நொக்ஸ் குறைப்பட்டுக்கொள்கிறார். அந்தக் குறையை நாம் வேறு விதமாகவும் வாசிக்கலாம். வெள்ளையர் எக்காலத்தும் எசமானர் என்ற எண்ணம் அந்தச் சிறுவனுக்குக் கலைந்துவிட்டது.

தந்தை இறந்த பின் ஒருநாள் நொக்ஸ் ஓடைக்கரையில் இருந்து, உணவுக்காகத் தூண்டில் போட்டுச் சிறுமீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வழியே போன ஊர்க் கிழவர் ஒருவர் அவரைக் கண்டு, 'உன் எசமானருக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா?' என்று சிறுவனிடம் விசாரித்தார். தெரியும் என்றான் சிறுவன். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது தமக்கொரு புத்தகம் கிடைத்ததாகவும், விருப்பமானால் விற்கத் தயார் என்றும் கிழவர் சொன்னார். கொழும்பு ஒல்லாந்தரிடம் வீழ்ந்தது 1656இல். அந்தக் குழப்பத்தில் யாரோ ஒருவரின் பெட்டியிலிருந்து புறப்பட்ட நூல், தன்னை வாசிக்கத் தெரியாத ஒரு கிராமத்து வீட்டில் சில ஆண்டுகள் காத்துக் கிடந்திருக்கிறது.

பார்த்துவரும்படி சிறுவனை அனுப்பினார் நொக்ஸ். ஆங்கிலேயரிடம் இருந்து பழகியவனாகையால் அவனுக்கு அந்தப் புத்தகத்தை அடையாளம் தெரிந்தது. கையில் எடுத்த மாத்திரத்தில், 'இது பைபிள்' என்று கூவிக்கொண்டே ஓடிவந்தான். ஆங்கில வேதாகமம். நொக்ஸ் தூண்டிலை எறிந்துவிட்டு அதை வாங்கி விரித்தார். விரிந்த இடம் அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம். சிறைச்சாலைக் காவலன் ஒருவன், தான் ஈடேறுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தன்னிடம் இருக்கும் கைதிகளையே கேட்கின்ற பகுதி அது. தந்தையைப் பறிகொடுத்து, நோயுற்று, தாய்மொழியில் பேச அருகில் ஆளில்லாமல் இருந்த ஒரு கைதியின் கண்ணில் அந்தப் பக்கம் பட்டால் அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்போது அவரிடம் எஞ்சியிருந்த செல்வம் ஒரேயொரு வராகன். அதைக் கொடுத்துவிடவும் அவர் ஆயத்தமாக இருந்தார். தடுத்தவன் சிறுவன். பணத்துக்கு வேறு தேவைகள் உண்டு. புத்தகத்தின் மேல் ஆசையில்லாதவர் போல் இருங்கள். நான் மலிவாக வாங்கித் தருகிறேன் என்றான். சந்தை நியாயம் தெரிந்த பிள்ளை. இறுதியில் பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து வேதாகமம் வாங்கப்பட்டது. ஆங்கிலக் கைதிகள் நூலால் தொப்பி பின்னி விற்றே சீவனம் நடத்தினார்கள் என்பதால், அந்தத் தொப்பியே அவர்களுடைய நாணயம் எனலாம்.

அந்த நாளிலிருந்து தமது வாழ்வு வேறாயிற்று என்பதே நொக்ஸின் எழுத்து தரும் செய்தி. அவர் ஊர் மாற்றப்பட்டார், வீடு கட்டினார், பன்றியும் கோழியும் வளர்த்தார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். பின்னர் சில்லறைச் சாமான்களைச் சுமந்து விற்கும் வியாபாரியாக வடக்கே நடந்து வழிகளை அறிந்துகொண்டார். 1679 செப்ரெம்பர் 22இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு புறப்பட்டு, அநுராதபுரம் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டு நடந்தார். தமிழர் அதனை அருவியாறு என்பர். கண்டி மன்னனுக்கோ ஒல்லாந்தருக்கோ கட்டுப்படாத வன்னித் தலைவனின் நாட்டைக் கடந்ததாகவும் அவர் எழுதுகிறார். அவருடைய நூலிலுள்ள வரைபடத்தில் அந்த நிலப்பகுதி 'கொய்லட் வன்னியின் நாடு' என்று குறிக்கப்பட்டுள்ளது. கயிலை வன்னியனையே அப்பெயர் சுட்டுகிறது என்பது வரலாற்றாசிரியர் கருத்து. ஈழத்தமிழர் இந்த வரைபடத்தை அடிக்கடி எடுத்துக் காட்டுவதை வாசகர்கள் அறிவார்கள். அதை நமக்குத் தந்தவர் தப்பியோடிய ஒரு கைதி என்பதைப் பலர் அறியார்.

இலண்டன் திரும்பியவர், கப்பற் பயணத்தில் எழுதியவற்றைத் திருத்தி 1681இல் நூலாக வெளியிட்டார். விஞ்ஞானி றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை எழுதினார். அந்நூல் சில ஆண்டுகளிலேயே ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளுக்குச் சென்றது. கண்டி நாட்டின் உழவு, உணவு, வழக்கு, வரி என்று அது தொடாத துறை குறைவு. கண்டி நாட்டின் ஒரு பகுதிக்கு உப்பும் மீனும் புத்தளத்திலிருந்தே போயின என்றும், படகுகள் வராமல் தடுக்க ஒல்லாந்தர் முனையில் கோட்டை வைத்திருந்தார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறார். கல்பிட்டியைத்தான் சொல்கிறார். இறக்குமதிப் பட்டியலும் உப்பு விலையும் எழுதிப் பழகிய எனக்கு, நல்லதொரு நிருபரின் கண் அதில் தெரிகிறது.

வாசகன் ஒருவனைப் புத்தகம் காப்பாற்றியது; அவன் எழுதிய புத்தகம் உலகத்தை எட்டியது. டானியல் டெஃபோ 1719இல் வெளியிட்ட 'ராபின்சன் குரூசோ' கதைக்கு அலெக்சாண்டர் செல்கேர்க்கின் அனுபவம் மட்டுமல்லாமல் நொக்ஸின் நூலும் தூண்டுதல் என்பர். தனிமைத் தீவில் காய்ச்சலில் கிடக்கும் குரூசோவும் வேதாகமத்தை விரித்து, கண்ணில் பட்ட வரியால் மனம் மாறுகிறான். அடுத்த ஆண்டு வெளிவந்த 'கப்டன் சிங்கிள்டன்' கதையில் டெஃபோ நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கியே கொடுத்துவிட்டார். இத்தோடு நிறுத்தினால் இது ஒரு நல்ல பக்திக் கதை. வரலாறு இத்தோடு நிற்கவில்லை.

நூல் வெளியான அதே 1681இல் கிழக்கிந்தியக் கம்பனி நொக்ஸைக் கப்பல் தலைவராக்கியது. 1684இல் அவர் மடகாஸ்கருக்குப் போனார். போன நோக்கம், சென் ஹெலனாத் தீவில் வேலைவாங்க அடிமைகளை வாங்கிச் செல்வது.

பத்தொன்பதரை ஆண்டுகள் பிறர் கையில் கைதியாக இருந்தவர். சொந்த மண்ணிலிருந்து பிரிக்கப்பட்டவனின் வேதனையைப் பக்கம் பக்கமாக எழுதியவர். சிறைப்பட்டோரின் கதைகள் நிறைந்த வேதாகமத்தை ஆண்டுக்கணக்கில் ஓதியவர். அவர் மற்ற மனிதரை விலைக்கு வாங்கிக் கப்பலில் அடைத்தார். அவர் கல்நெஞ்சர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் முடியாது. சக கைதி ஒருவரின் மகளான லூசியா என்ற குழந்தையை எலதத்தையிலிருந்த தமது வீட்டில் வளர்த்து, தமது நிலத்தை அவளுக்கே கொடுத்துவிடும்படி பின்னர் கடிதம் எழுதியவரும் அவரே. அன்பும் இருந்தது, அடிமை வணிகமும் இருந்தது. இரண்டுக்கும் இடையே முரண் உண்டென்று அவர் வாசித்த புத்தகம் அவருக்குச் சொல்லவில்லை. அல்லது சொன்னது அவர் காதில் விழவில்லை.

குரூசோவின் கதையிலும் இதே நிழல் விழுந்திருக்கிறது. மூர் இனத்தவரிடம் அடிமையாக இருந்த குரூசோ, சூரி என்ற சிறுவனின் துணையோடு படகில் தப்புகிறான். பின்னர் அந்தச் சிறுவனை அறுபது வெள்ளிக் காசுக்குப் போர்த்துக்கேயக் கப்பல் தலைவனிடம் விற்றுவிடுகிறான். அவனுடைய கப்பல் உடைந்ததே அடிமைகளைத் தேடிப் போன பயணத்தில்தான். மனமாற்றத்தின் பெருங்கதையாகப் போற்றப்படும் நூலில் இது இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்புகளில் சூரியின் விலை பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

இப்போது பரங்கிப்பேட்டைச் சிறுவனிடம் திரும்புவோம். புத்தகத்தை அடையாளம் கண்டவன் அவன், ஓடிவந்தவன் அவன், எசமானரின் கடைசி வராகனைக் காப்பாற்றிப் பேரம் பேசியவனும் அவனே. அவன் இல்லையேல் அந்த வேதாகமம் கிழவரின் வீட்டிலேயே செல்லரித்துப் போயிருக்கும். தொப்பியின் விலைவரை நினைவில் வைத்து எழுதிய நொக்ஸ், இந்த நிகழ்ச்சியைச் சொல்லுமிடத்தில் அவனுக்குப் பெயர் கொடுக்கவில்லை. 'என் பையன்' என்பதோடு சரி. அந்தப் பெயரில்லாமையில் மடகாஸ்கர்ப் பயணத்தின் விதை கிடக்கிறது என்பது என் எண்ணம். பெயர் சொல்லத் தேவையில்லாத மனிதரும் உண்டு என்று நினைத்துவிட்டால், அடுத்த படி எளிதாகிவிடுகிறது.

நம்மவர் வரலாற்றில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சி உண்டு. 1880 ஒக்டோபர் 21ஆம் திகதி கும்பகோணத்தில், இருபத்தைந்து வயதுக் கல்லூரி ஆசிரியர் உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். படித்த பிரபந்தங்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுவிட்டு, பின்னர் அதன் பிரதியையும் கொடுத்தார். சமண நூலொன்றைப் புரிந்துகொள்வதற்காகச் சைவ மடத்தில் பயின்ற ஐயர் சமணர் வீட்டு வாசலுக்குப் போய்ப் பாடம் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அதன் பின்னேதான் மற்றைய பழந்தமிழ் நூல்கள் அவர் கையால் வெளிவந்தன. கொடுத்தவரின் பெயர், நாள், பேசிய பேச்சு எல்லாவற்றையும் ஐயர் 'என் சரித்திரம்' நூலில் எழுதி வைத்தார். அதனால்தான் சேலம் இராமசுவாமி முதலியாரைத் தமிழுலகம் மறக்கவில்லை.

காந்தியடிகளின் கதையும் அவ்வாறானதே. 1904இல் ஜொகானஸ்பேர்க் ரயில் நிலையத்தில், வழியில் வாசிக்கும்படி நண்பர் ஹென்றி போலக் ரஸ்கினின் நூலொன்றைக் கொடுத்தார். டர்பன் போய்ச் சேருவதற்குள் அதை வாசித்து முடித்த காந்தி அன்றிரவு உறங்கவில்லை. அந்த ஆண்டிலேயே டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் பண்ணை தோன்றியது. 1908இல் அந்நூலைக் குஜராத்தியில் தழுவி எழுதினார். கொடுத்தவரின் பெயரைச் சுயசரிதையில் பதிந்தார். வாசித்தது உள்ளத்தோடு நின்றுவிடாமல், யாரோடு உண்பது, யார் என்ன வேலை செய்வது, யாருக்கு என்ன கூலி என்பது வரை இறங்கியது.

இம்மூவரையும் ஒரே தராசில் நிறுத்தித் தீர்ப்புக் கூறுவது என் நோக்கமல்ல. நொக்ஸின் காலம் வேறு. அடிமை வணிகத்தைப் பாவமென்று கருதாத உலகில் அவர் வாழ்ந்தார். ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். புத்தகம் ஒருவனைத் துயரத்திலிருந்து மீட்கும். தனிமையில் அவனுக்குத் துணையாக இருக்கும். அவனை எழுத்தாளனாகவும் ஆக்கலாம். அவனை நியாயவானாக்கும் வேலையைப் புத்தகம் தானாகச் செய்து முடிப்பதில்லை. அதற்கு வாசகனும் சற்று நகர வேண்டும்; பக்கத்திலிருந்து கண்ணை எடுத்து, அதைக் கொண்டுவந்து கொடுத்தவனின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நொக்ஸ் 1720 ஜூன் மாதம் இலண்டனில் இறந்தார். தமது நூலின் மறுபதிப்புக்கென்று எழுதிச் சேர்த்த குறிப்புகளும் தன்வரலாறும் 1911 வரை அச்சேறவில்லை. அவர் விற்பனைச் சுமையோடு நடந்த வழிகள் இன்று தார் வீதிகள். அரிப்புக் கோட்டையைக் கடல் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறது.

உங்கள் வாழ்வை மாற்றிய புத்தகம் எதுவென்று யாரேனும் கேட்டால், பெயரைச் சொல்லுங்கள். கூடவே அதை உங்கள் கையில் தந்தவரின் பெயரையும் சொல்லுங்கள். நூலகத்தின் எழுதுவினைஞராக இருக்கலாம். பழைய புத்தகக் கடைக்காரராக, வகுப்பாசிரியராக, படிப்பை இடையில் நிறுத்திவிட்டு உங்களைப் படிக்கவைத்த அக்காவாக இருக்கலாம். பரங்கிப்பேட்டைச் சிறுவனுக்குக் கிடைக்காமற் போன அந்த ஒரு வரியை அவர்களுக்குக் கொடுக்க நம்மால் முடியும்.